பவித்ரா வீடு

கார்த்திகை ஈரம் பட்டுக்கு ஆகாது. குழித்தறியின் அடியில் தண்ணீர் ஊறி, பாவு நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தறிக்கு அடியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் நூலைக் காயவைத்துக்கொண்டே நெய்ய வேண்டும். தீபத்தன்று காலையில் அய்யாக்கண்ணு அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல நாளும் அதுவுமாகத் தறியில் இறங்க வேண்டாம் என்று உண்ணாமலை சொல்லிப் பார்த்தாள். தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை, முந்தி இன்னும் முடியவில்லை என்றார். உண்மையில் அவர் இறங்கியது சேலைக்காக இல்லை. வாசலில் மகன் குமரேசன் ஏணி போட்டு விளக்குச் சரங்களைக் கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவருக்கு மனசில்லை.

அந்தச் சரங்கள் இரண்டு வருஷமாகப் பரணில் கோணிக்குள் கிடந்தன. மகள் பவித்ரா வீட்டில் இருந்தவரை, கார்த்திகைக்குக் கார்த்திகை வீட்டு முகப்பில் ஏறும். கடையில் கிடைக்கிற சீரியல் செட் இல்லை அது. ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக நிறம் மாறும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது அவளே கூட்டிச் சேர்த்தது. சன்ஷேடுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அது வீட்டு வைஃபையில் சேர்ந்துகொண்டு, போனில் சொன்னபடி விளக்குகளை ஆட்டிவைக்கும். அப்பா நெய்கிற பார்டர்களை எல்லாம் கட்டம் போட்ட தாளில் எண்ணி எண்ணி எழுதி, அந்தப் பெட்டிக்குள் ஏற்றியிருந்தாள். கோபுர பார்டர் சுவரின் அடியிலிருந்து வரிசை வரிசையாக ஏறும். ருத்ராட்சம் மாடிக் கைப்பிடியில் ஓடும். கடைசியில் ஒரு மயில் வரும். தோகையை விரித்து, கொஞ்ச நேரம் நின்று, சுருக்கிக்கொண்டு போய்விடும். கொசப்பாளையத்திலிருந்துகூடக் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, மயில் வரட்டும் என்று எதிர்ச்சாரியில் காத்து நிற்பார்கள்.

படிப்பு முடித்து பஜாரில் ஒரு லேப்டாப் பழுதுபார்க்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள் பவித்ரா. அங்கேதான் அருள்தாஸும் வேலை செய்தான். காலனிப் பையன், வேதக்காரனும்கூட. இரண்டு பேரும் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலூருக்குப் போய்விட்டார்கள். அய்யாக்கண்ணு ஆள் அனுப்பவில்லை, சத்தம் போடவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஈரத் துண்டோடு தறியில் உட்கார்ந்தார். சாவு வீட்டிலிருந்து திரும்பியவர்கள் குளிக்கிற குளியல் அது என்று உண்ணாமலைக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் காதுபட மகள் பெயரை யாரும் சொல்வதில்லை.

அக்காவால் குமரேசனுக்கு மூன்று இடம் தட்டிப்போனது. நாலாவதாகத் தேசூரில் உரக்கடை வைத்திருக்கும் மணவாளன் தன் மகள் இனியாவைக் கொடுக்க ஒத்துக்கொண்டார். வீடு பார்க்க வந்தபோதே பட்டென்று சொல்லிவிட்டார்: "நடந்தது நடந்துபோச்சி, அத நான் கிளறல. ஆனா இனிமே அந்தப் பொண்ணு இந்த வாசல மிதிக்கக் கூடாது. போக்குவரத்து, பேச்சுவார்த்த எதுவும் கூடாது. எங்களுக்கும் நாலு சனம் கீதுங்க." அய்யாக்கண்ணு தலையை ஆட்டினார். தீபத்தன்று சாயங்காலம் பெண்வீட்டார் தட்டு மாற்ற வருவதாக ஏற்பாடு. இனியாவின் தம்பி எங்கேயோ பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு, மாமா வீட்டு மயில் லைட்டைப் பார்க்க வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தானாம். அதைச் செய்தது யார் என்று இனியா போனில் கேட்டபோது, குமரேசன் "நான்தான்" என்று சொல்லிவைத்திருந்தான்.

மத்தியானம் வரை ஒரு குமிழ்கூட எரியவில்லை. இன்டர்நெட் லைன் பார்க்கிற அஜித்குமார் மழைக்கோட்டோடு வந்து, மோடத்தையும் பார்த்தான், ஏணியில் ஏறிப் பெட்டியையும் பார்த்தான்.

"நெட்டு சோக்கா வருதுண்ணா. நம்ம லைன்ல ஒரு கோளாறும் இல்ல. பெட்டிதான் சேர மாட்டேங்குது."

"அப்ப இன்னாதான் பண்றது?" என்றான் குமரேசன்.

"இத செஞ்சவங்களதாண்ணா கேக்கணும்."

சொன்ன பிறகுதான் அஜித்குமாருக்கு உறைத்தது. தறி அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

உண்ணாமலை அன்றைக்கு ஒருபொழுது. தீபம் ஏற்றின பிறகுதான் சாப்பாடு. அடுப்பில் பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ந்துகொண்டிருந்தது. குமரேசன் சமையல்கட்டுக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்காவ கேட்டாதான்மா ஆவும்."

தறிச் சத்தம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் தறி. இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். பாகு பொங்கி வந்தது. பிறகு மிதி இறங்குகிற சத்தம் கேட்டது. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடியது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

உண்ணாமலை பாகை இறக்கிவைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, போனில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அந்த எண் அவள் போனில் எங்கேயும் பதிந்து இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டு மாடியில் நின்று போட்டுப் போட்டு மனசில் நின்றுவிட்ட எண். அதற்குள் அய்யாக்கண்ணு தறியை விட்டு எழுந்து அங்கே வந்திருந்தார். எண்ணை எங்கேயும் பார்க்காமல் அவள் அழுத்தியதை அவரும் பார்த்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். குமரேசன் மோடத்தையும் போனையும் பார்க்க வேண்டும். பெட்டியின் அருகில் யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே.

"அம்மா? இன்னா இந்த நேரத்துல? அவுரு வீட்ல இல்லியா?"

"இருக்குறாரு. ஸ்பீக்கர்லதான் கீற," என்று அவசரமாகச் சொன்னாள் உண்ணாமலை.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துவது காதில் விழுந்தது. பிறகு, "யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள் பவித்ரா.

"அதெல்லாம் இல்லம்மா. நீ கட்டுவியே லைட்டு, அது எரிய மாட்டேங்குது. இன்னிக்கு தம்பிக்குத் தட்டு மாத்த வராங்க."

"அப்படியா? எந்த ஊரு பொண்ணு?"

"தேசூரு."

"நல்லா இருக்கட்டும்மா." மூக்கை உறிஞ்சிக்கொள்கிற சத்தம் கேட்டது. அடுத்து வந்த குரல் வேலைக்காரக் குரல். "சரி, பெட்டியில பொட்டு மாதிரி ஒரு லைட்டு இருக்கும். அது எப்படி எரியுது?"

உண்ணாமலை நிமிர்ந்து பார்த்தாள். "எப்படி எரியுதுன்னு கேக்குறா."

"ஊதா. மின்னிகினு கீதுன்னு சொல்லு," என்றார் அய்யாக்கண்ணு, மனைவியிடம்.

"மின்னிகினு கீதாம்."

"காதுல உழுந்துச்சிம்மா. மின்னிச்சின்னா இன்னும் தேடுதுன்னு அர்த்தம். வைஃபைய தேடுது, கெடைக்கல. பிளக்க புடுங்கிட்டு, கொஞ்சம் பொறுத்து சொருகச் சொல்லு."

சொருகினார்கள். மறுபடியும் மின்னியது.

"தம்பி, வைஃபை பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அதேதான?"

குமரேசன் ஏணியின் மேல்படியில் நின்ற அப்பாவைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்... அதேதான்க்கா."

"அப்ப சிக்னல் பத்தல போல. ஈரச் செவுரு இல்ல, உள்ளயே அமுக்கிடும். மோடத்த ஜன்னல் கிட்ட எட்த்தா."

எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு, மோடத்தை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்தான். மின்னுவது நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கிறதா பார்க்கச் சொன்னாள். அய்யாக்கண்ணு நான்கு திருகாணிகளையும் கழற்றிக் கடைவாயில் கவ்விக்கொண்டார். ஓரத்தில் எறும்பு மண் கட்டியிருந்தது. துண்டு முனையால் துடைத்தார்.

"காஞ்சிதான் கீதுன்னு சொல்லு."

"காஞ்சி கீதாம்மா."

"கருப்பா மெல்லிசா ஒரு ஒயர் மேல நிக்குதா, வளைஞ்சி கீதா?"

"வளைஞ்சிதான் கீது. நிமுத்தட்டுமான்னு கேளு."

"நிமுத்தச் சொல்லும்மா. மெதுவா. அறுந்துடும்."

"எனக்குத் தெரியாதா அறுந்துடும்னு. நூல்லியே பொழப்ப ஓட்றவன்," என்று பெட்டிக்குள் முணுமுணுத்தார் அவர். அந்தப் பக்கம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. உண்ணாமலை போனைக் காதோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். சிரித்தாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

அரைமணி நேரமாக அவர்கள் இப்படித்தான் பேசினார்கள். மகள் அம்மாவிடம் கேட்பாள், அப்பா அம்மாவிடம் பதில் சொல்வார். அவர் சொல்வது மகளுக்குக் கேட்கும், மகள் சொல்வது அவருக்குக் கேட்கும். நடுவில் உண்ணாமலை போனை உயர்த்திப் பிடித்தபடி, இன்னொரு கையால் ஏணியைப் பிடித்தபடி நின்றாள். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. எதிர்வீட்டில் கோலம் போட்டு, அழிந்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏணிய யாரும்மா புடிச்சிகினு கீறது?" என்று திடீரென்று கேட்டாள் பவித்ரா.

"நான்தான்."

"நீ ஒருபொழுதாச்சே இன்னிக்கு, தல சுத்தும். தம்பிய புடிக்கச் சொல்லு. அவுருக்கு எடது முட்டி வேற..."

அவள் முடிப்பதற்குள் ஈரத் தரையில் ஏணிக் கால் சர்ரென்று வழுக்கியது. உண்ணாமலை "ஐயையோ" என்று கத்தினாள். திருகாணிகள் தரையில் சிதறின.

"அப்பா! அப்பா!" என்று அலறியது போன்.

அய்யாக்கண்ணு ஒரு கையால் சன்ஷேடைப் பிடித்துத் தொங்கினார். குமரேசன் ஓடிவந்து ஏணியை அணைத்து நிறுத்தினான்.

"ஒண்ணும் ஆவல. அழாத," என்றார் அவர்.

அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. போனைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்குவது மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவர், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பேர மாத்தியாச்சின்னு சொல்லு."

"எந்தப் பேர?" என்றாள் உண்ணாமலை.

"வைஃபை பேர. அவ போனாளே, அந்த வாரமே அஜித்குமார் கையில சொல்லி மாத்திட்டேன். பாஸ்வேர்டும்தான்."

மோடம் வந்த புதிதில் அதற்குப் 'பவித்ரா வீடு' என்று பெயர் வைத்தவள் பவித்ராதான். உண்ணாமலைக்கு அந்தப் பெயர் போனது இப்போதுதான் தெரியும். குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப இன்னா பேரு?" என்று கேட்டாள் பவித்ரா.

"என் பேருதான்க்கா," என்றான் குமரேசன்.

"முன்னயே சொல்லியிருக்கலாம் இல்ல நீ. பெட்டி மேல தப்பு இல்லம்மா. அது பழைய பேர தேடிகினு கீது, அவ்ளோதான்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "அதான் அன்னிக்கு எனக்கும் வரல."

"என்னிக்கு?"

"போன வருசம் தீபத்தன்னிக்கு நான் வந்தேம்மா."

"எங்கடி வந்த?"

"நம்ம தெருவுக்குதான். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு எங்க வீட்டுக்காரரு கிட்ட சொல்லிட்டு, ஆரணி பஸ்ஸுல ஏறிட்டேன். மொனையில நின்னேன். உள்ள வர தைரியம் இல்ல. காலேஜ் உட்டு வரும்போது அந்த மொனையில திரும்பினதுமே என் போன்ல நம்ம வைஃபை தானா சேந்துக்கும். வீடு வந்துடுச்சின்னு இருக்கும். அன்னிக்கும் அது வருமான்னு போன பாத்துகினே நின்னேன். வந்திருந்தா உள்ள வந்திருப்பேனோ இன்னாவோ. வரல. லைட்டும் கட்டல. மோடம் ரிப்பேர் போல கீது, பாவம் யாரு பாத்துத் தராங்களோன்னு நெனச்சிகினு திரும்ப பஸ் ஏறிட்டேன்."

உண்ணாமலைக்கு விசும்பல் வந்தது. முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

"உடும்மா, அழாத. நேரம் ஆவுது. தம்பி, கேளு. ரெண்டு வழி கீது. மோடத்துல பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் திரும்ப போட்டா, பெட்டி தானா சேந்துக்கும். உன் போன்லியே மாத்தலாம், ரெண்டு நிமிசம். ஆனா அந்தப் பேரு அப்படியே இருந்தாதான் லைட்டு ஓடும். பெட்டிக்குள்ள பூந்து புதுப் பேர குடுக்க முடியாது. தெருப் பசங்க கலர மாத்துறானுங்கன்னு நான் ஒரு பூட்டு போட்டுட்டேன், அந்த நம்பர் எனக்கே மறந்துபோச்சி. என் பழைய லேப்டாப்புலதான் இருந்துச்சி. அது கீதாம்மா?"

உண்ணாமலை ஏணியில் நின்றவரைப் பார்த்தாள். மகளுடைய துணிமணி, புத்தகம், லேப்டாப் எல்லாவற்றையும் அய்யாக்கண்ணு பழைய சாமான்காரன் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"சரி உடு. ரெண்டாவது வழி, பெட்டிய மொத்தமா அழிச்சிட்டு புதுசா ஆரம்பிக்கறது. ஓரத்துல ஒரு பட்டன் கீது. அமுக்கினா எல்லாம் போயிடும்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான். கோபுரம், ருத்ராட்சம், மயிலு. வெறும் லைட்டு ஒண்டி எரியும்."

அய்யாக்கண்ணு ஏணியில் நின்றபடியே தொண்டையைக் கனைத்தார். "பழைய பேரையே போடச் சொல்லு," என்றார்.

உண்ணாமலை அண்ணாந்து பார்த்தாள். தப்பாகக் காதில் விழுந்ததோ என்று நினைத்தாள்.

"இன்னாங்க?"

"பழைய பேரையே போடச் சொல்றேன் அவன."

குமரேசன் அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கித் தன் மார்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டான்.

"அப்பா, அவங்க வந்ததும் மொதல்ல இனியா தம்பி வைஃபைதான் கேப்பான். போன எடுத்தா பேரு தெரியும். 'பவித்ரா வீடு'ன்னு இருந்தா நான் இன்னா சொல்றது? பேச்சுவார்த்தையே இல்லன்னு தலைய ஆட்டினது நீங்கதான? இன்னும் இந்த வீட்ல அவ பேருதான் நடக்குதுன்னு மணவாளன் மாமா சொல்ல மாட்டாரா?"

"ஒரு நாளைக்கு அந்தப் பேரு இருந்துட்டா இன்னாடா ஆயிடும்?" என்றாள் உண்ணாமலை.

"உனக்கு ஒண்ணும் ஆவாதும்மா. மூணு எடம் போச்சி எனக்கு. நான் வேல பாக்குற கடையில என் கூட சேந்தவன் எல்லாம் புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பினு கீறான். நான் இன்னா தப்பு செஞ்சேன், சொல்லு. அக்கா அவளுக்குப் புடிச்சத பண்ணிகினு போயிட்டா. நான் யாரு கையையாவது புடிச்சிகினு போனேனா? இது ஒண்டி உட்டா எனக்கு இன்னொண்ணு அமையாதுப்பா. உங்க கால்ல உழறேன்."

அவன் மார்பில் அமுக்கியிருந்த போனிலிருந்து, "தம்பி சொல்றதும் சரிதான்மா" என்று மெல்லியதாக ஒரு குரல் வந்தது.

குமரேசன் சட்டைப் பையில் இருந்த அவனுடைய போன் அடித்தது. எடுத்துப் பேசினான். "சேத்துப்பட்டு தாண்டிட்டாங்களாம்," என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அய்யாக்கண்ணு மகனைப் பார்த்தார். நெற்றிக்கு மேலே முடி கொட்ட ஆரம்பித்திருந்த, முப்பதை நெருங்கும் மகன். பிறகு, அறுந்த இழையைத் தறியின் அச்சுப் பற்களுக்குள் இழுப்பதற்காக எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் கம்பிக் கொக்கியை எடுத்தார்.

"எங்க அமுக்கணும்னு கேளு," என்றார்.

உண்ணாமலை கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"வலது கைப் பக்கம், ஊசி ஓட்ட மாதிரி இருக்கும்," என்றாள் பவித்ரா. "உள்ள உட்டு அமுக்கினே இருக்கணும். சட்டுனு ஆவாது. அந்த ஊதா லைட்டு அணைஞ்சி செவப்பா வரும். அதுக்கு முன்னாடி கைய எட்த்தா ஒண்ணும் ஆவாது, எல்லாம் அப்படியே இருக்கும்."

அவர் கொக்கியை நுழைத்து அமுக்கினார். ஊதா மின்னியது. மின்னிக்கொண்டே இருந்தது. உண்ணாமலை அவர் கையையே பார்த்தாள். முந்தியில் ஒரு பூவுக்கு நூறு இழையைத் தவறாமல் எடுத்துவிடுகிற விரல்கள். கையை எடுத்துவிடுவார் என்று கடைசி வரை நினைத்தாள். அவர் எடுக்கவில்லை. சிவப்பு வந்தது.

அப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது. சுவரின் கீழ் வரிசை மட்டும் முதலில் எரிந்தது. மொத்தம் எத்தனை குமிழ் என்று பெட்டி கேட்கும் என்றாள் பவித்ரா. எண்ணிக்கையை யோசிக்காமல் சொன்னாள். எந்த இடத்தில் புதுப் பெயரைக் கொடுக்க வேண்டும், எதைத் தொட்டால் சேமிக்கும் என்று தம்பிக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் அழுத்த அழுத்த, வீட்டு முகப்பு முழுக்கக் காவி நிறத்தில் பற்றிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி கோல மாவோடு நிமிர்ந்து, "ஏ, எரிஞ்சிடுச்சிக்கா!" என்று கூவினாள்.

"எல்லாமும் எரியுதாம்மா?"

"எரியுதும்மா."

"எந்தக் கலரு?"

"காவி. மொத்தமும் ஒரே கலரு."

"புதுசுல அப்படிதான் இருக்கும். கலரு தம்பியே மாத்திக்குவான். இனிமே ரிப்பேர் ஆனாலும் அவனே பாத்துக்கலாம், கஷ்டம் இல்ல. அதுல என்து ஒண்ணும் இல்லம்மா இப்ப."

உண்ணாமலை வாயைத் திறப்பதற்குள், "வெக்கறேன், நீ மொதல்ல எதுனா சாப்புடு," என்று சொல்லி வைத்துவிட்டாள். அய்யாக்கண்ணு திறந்த பெட்டியை மூடி, கீழே விழுந்ததில் கிடைத்த திருகாணிகளைப் பொறுமையாக முடுக்கினார். ஒன்று கிடைக்கவில்லை.

பெண்வீட்டார் இரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். டிவியில் மலைமேல் தீபம் ஏறியதும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உண்ணாமலை அகல்களை ஏற்றி வாசலிலும் மாடிப்படியிலும் வரிசையாக வைத்தாள். தட்டு மாற்றிக்கொண்டார்கள். கேசரியும் பஜ்ஜியும் பொரி உருண்டையும் பரிமாறினார்கள். மணவாளன் வெளியே நின்று, முகப்பை அண்ணாந்து பார்த்து, "நல்லா பண்ணியிருக்கீங்க மாப்ள" என்றார். இனியாவின் தம்பி ரொம்ப நேரம் எதிர்ச்சாரியில் நின்றுவிட்டு உள்ளே வந்து கேட்டான்:

"மாமா, மயிலு எப்ப வரும்?"

"அத எடுத்துட்டேன்டா," என்றான் குமரேசன். தட்டில் இருந்த கேசரியைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

வந்தவர்களில் ஒருவர்கூட வைஃபை கேட்கவில்லை.

வண்டிகள் கிளம்பிய பிறகு குமரேசன் நண்பர்களோடு சொர்க்கப்பனை கொளுத்துவதைப் பார்க்கக் கோயிலுக்குப் போனான். தூறல் நின்றிருந்தது. உண்ணாமலை காற்றில் அணைந்த அகல்களை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் இன்னும் ஒன்றும் போடவில்லை. அய்யாக்கண்ணு தெருவில் இறங்கி, மேற்கே டீக்கடை வரை போனார். திரும்பி வந்து, வீட்டைத் தாண்டி, கிழக்கே தண்ணீர்த் தொட்டி வரை போனார். அப்புறம் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"எந்த மொனையில நின்னாளாம்?"

உண்ணாமலை திரியை நிமிண்டினாள். "எனக்கு இன்னா தெரியும்? அவ்ளோ நேரம் லைன்ல இருந்தாளே. கேட்டிருக்கலாமே."

ஓர் அகல் ஏற்றி முடிந்தது, அடுத்ததும் முடிந்தது.

"போட்டுக் குடு," என்றார்.

அவள் எண்ணெய்க் கையோடு எண்ணை அழுத்தி அவரிடம் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். மணி போனது. எடுத்தது ஓர் ஆண் குரல்.

"சொல்லுங்கம்மா. பாப்பாவுக்குப் பால் குடுத்துகினு கீறா. உங்க கிட்ட பேசிட்டு வெச்சதுலேந்து ஒரே அழுக, இப்பதான் கொஞ்சம் சும்மா இருக்குறா. அங்க எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதாம்மா?"

அய்யாக்கண்ணு போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அம்மா? லைன்ல கீறீங்களா?"

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. "யாரு, அம்மாவா?" என்று பவித்ரா கேட்பதும், "தெரியல, பேச மாட்டேங்குறாங்க" என்று அருள்தாஸ் சொல்வதும் கேட்டது. "ஹலோ, யாருங்க பேசறது?"

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"கொழந்த கீதா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஏழு மாசம். பொண்ணு. நானே இன்னும் தூக்கல, போன்ல பாத்ததுதான்."

"ஹலோ? யாருங்க?" என்று அவர் கைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்து, போனை உண்ணாமலையிடம் நீட்டினார். அவரை ஒரு முறை பார்த்துவிட்டு அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் தம்பி," என்றாள். "லைட்டு நல்லா எரியுதுன்னு அவ கிட்ட சொல்லு. அத சொல்லலாம்னுதான் போட்டேன்."